இடம் விட்டு வாசித்த மூன்று பேர்

தம்பி, நீ கேட்டது இரண்டு கேள்வி. "மினிட்மென், மினிட்மென் என்று எந்த நேரமும் சொல்கிறீர்களே, ஐந்தாறு வருடம் மட்டும் இருந்த ஓர் அமெரிக்க பாண்டில் அப்படி என்னதான் இருக்கிறது? போட்டுப் பார்த்தால் பாட்டு தொடங்க முதல் முடிந்துவிடுகிறதே" என்பது ஒன்று. "ஆரையம்பதியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம், கீபோர்ட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை, மூன்று பேர் காணுமா?" என்பது மற்றது. இரண்டுக்கும் என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான். ஆனால் அது கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து இரு.

முதலில் என் கதை. 2002இல் சமாதான காலம் வந்து, இரவில் பயமில்லாமல் மேடை போடலாம் என்றானபோது, கல்லடியில் நாங்கள் எட்டுப் பேர் ஓர் இசைக்கோஷ்டி நடத்தினோம். கோவில் திருவிழா, கல்யாண வீடு, பள்ளிக்கூட மைதானம் என்று வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் போயிருக்கிறோம். நான் பேஸ் கிற்றார், பாட்டின் கீழ்ச் சுரங்களை வாசிக்கும் நாலு கம்பிக் கிற்றார். அதாவது, மேடையில் இருந்தும் இல்லாதவன். கீபோர்ட்காரர் இடது கையால் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவார். கிற்றார்காரன் தன் ஆம்பை, சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, முழுதாகத் திறந்துவிடுவான். ஒக்டபாட் என்ற மின் ட்ரம்ஸ் ஒரு பக்கம் வெடிக்கும். ஒருநாள் செங்கலடியில் இரண்டாவது பாட்டிலேயே என் வயர் கழன்றுவிட்டது. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒருவரும் கவனிக்கவில்லை. என் அம்மாவும்தான், அவ முன்வரிசையில் இருந்தவ.

அடுத்த வருடம் ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒருவன் வந்து நின்றான். திரும்பிப் போகும்போது பழைய வோக்மன் ஒன்றையும் நாலைந்து கசெட்டையும் விட்டுவிட்டுப் போனான். அதில் ஒன்றுதான் மினிட்மெனின் 'டபுள் நிக்கல்ஸ் ஒன் த டைம்'. 1984இல் வந்தது, 45 பாட்டு. முதல் தடவை எனக்கும் உனக்கு நடந்ததுதான் நடந்தது. ஒரு பாட்டு என்னவென்று பிடிபட முதல் அடுத்தது வந்துவிடும். யாரோ வானொலி முள்ளைத் திருகிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. ஆனால் எதுவோ ஒன்று விடவில்லை. மூன்றாம் நாள்தான் அது என்னவென்று விளங்கியது. பேஸ் கேட்கிறது! ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, பக்கத்தில் குந்தியிருந்து ஒருவர் கதைப்பதுபோலக் கேட்கிறது.

அது ஒலிப்பதிவுக்காரர் பார்த்துச் செய்த தயவு இல்லை. கிற்றார் வாசித்த டி. பூன் வேண்டுமென்றே தன் கிற்றாரின் கீழ்ச் சத்தத்தை எல்லாம் வெட்டிவிட்டு ட்ரெபிள் என்ற மேல் சத்தத்தை மட்டும் ஏற்றி வைத்தவர். அதனால்தான் அது தகரத்தில் ஆணி கீறுவதுபோல உனக்குக் கேட்டிருக்கும். பெரிய உடம்புக்காரர், மேடையில் துள்ளித் துள்ளி வாசிப்பவர். நினைத்திருந்தால் மற்ற இரண்டு பேரையும் ஒரே அடியில் மூடியிருக்கலாம். ஆனால் ரொக் இசையில் கிற்றார்காரன் ராசா, பேஸும் ட்ரம்ஸும் குடிமை என்ற அந்த ஏற்பாடே அவருக்குப் பிடிக்கவில்லை. அரசியல் பாட்டு எழுதிய மனிதர். பாட்டில் சமத்துவம் பாடிவிட்டு மேடையில் நிலக்காரப் போடியாராக நிற்பது அவருக்குச் சரிவரவில்லை. ஆகவே கீழ்ப்பகுதி முழுவதையும் மைக் வாட்டின் பேஸுக்கு எழுதிக் கொடுத்தார். நடுவில் ஜோர்ஜ் ஹேர்லியின் ட்ரம்ஸ் உருண்டுகொண்டிருக்கும். மூன்று பேருக்கும் மூன்று காணி, ஒருவர் வேலியை ஒருவர் பிரிப்பதில்லை. கிற்றார் சத்தத்தை எப்படி வைப்பது என்பதுகூட ஓர் அரசியல் முடிவுதான் என்று வாட் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். செங்கலடியில் வயர் கழன்று நின்றவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

இவர்கள் சான் பெட்ரோ ஆட்கள். ஊரார் 'பீட்ரோ' என்பார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் தெற்குத் தொங்கலில் கிடக்கும் துறைமுகப் பகுதி. கப்பல் பட்டறை, ரின்மீன் தொழிற்சாலை, கடற்படைக் குடும்பங்கள் என்று இருந்த இடம். ஹொலிவூட்டும் அதே நகரம்தான் என்று காகிதத்தில் இருக்கும். அங்கிருந்து ஒருவரும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கொழும்புக்காரருக்கு மட்டக்களப்பு எப்படியோ அப்படி என்று எழுத வந்தேன். ஆனால் அவர்கள் காரில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், நமக்கு ஓர் இரவு பஸ். சரி, அதை விடுவோம்.

பூனும் வாட்டும் பதின்மூன்று வயதில் சந்தித்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. பெக் பார்க் என்ற பூங்காவில் வாட் நடந்து போகிறார். மரத்திலிருந்து தொப்பென்று ஒரு பொடியன் அவர் முன்னால் குதிக்கிறான். தன் விளையாட்டுக் கூட்டாளி என்று நினைத்துக் குதித்திருக்கிறான், ஆள் மாறிவிட்டது. அப்படியே கதைத்துக்கொண்டு நடந்தவர்கள், பூன் சாகும்வரை பிரியவில்லை. பின்னேரங்களில் பொடியன்கள் தெருவில் நிற்காமல் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று, மகனுக்குக் கிற்றார், கூட்டாளிக்கு பேஸ் என்று பிரித்துக் கொடுத்தது பூனின் அம்மா. வாட்டுக்கு பேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. படங்களில் நாலு கம்பி தெரிந்ததால் சாதாரணக் கிற்றாரில் நாலு கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். உண்மையான பேஸின் கம்பி அவ்வளவு தடிப்பு என்பது பிறகுதான் தெரிந்ததாம். உலகத்தில் எனக்கு மிகப் பிடித்த பேஸ் வாசிப்பாளரின் தொடக்கம் இது.

1980இல் மினிட்மென் தொடங்கியது. முதலில் வேறொரு ட்ரம்ஸ்காரர் கொஞ்ச நாள் இருந்தார், அந்த வருடமே ஹேர்லி வந்துவிட்டார். பெயரைப் பற்றி ஒரு திருத்தம்: ஒரு நிமிடப் பாட்டு பாடியதால் வந்த பெயர் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் கூப்பிட்ட நிமிடமே துவக்கோடு வந்து நின்ற ஊர்ப் படைகளுக்கு அந்தப் பெயர். 1960களில் அதே பெயரை வைத்துக்கொண்டு திரிந்த ஒரு வலதுசாரிக் கூட்டத்தை நக்கலடிக்கவும் அதை எடுத்தார்கள். பூனுக்கு வரலாற்றில் பைத்தியம்.

இனி, பாட்டின் நீளம். முதல் வெளியீடான 'பரனொயிட் டைம்' ஏழு பாட்டு, ஏழு நிமிடம்கூட இல்லை. 1981இல் வந்த 'த பஞ்ச் லைன்' 18 பாட்டு, 15 நிமிடம். வயர் என்ற இங்கிலாந்து பாண்ட் ஏற்கெனவே காட்டிய வழி அது. அதைக் கேட்டபிறகுதான் பாட்டை வேண்டிய இடத்தில் நிறுத்திவிடலாம் என்ற துணிவு வந்ததாக வாட் சொல்லியிருக்கிறார். உனக்கும் எனக்கும் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உன் அம்மம்மாவிடம் கேட்டுப் பார். நம்முடைய பக்கத்தில் கவி என்பது நாலு வரி. முதல் இரண்டு வரியில் ஒரு காட்சி, பின் இரண்டு வரியில் நெஞ்சில் கிடந்தது. வயல் வட்டையில் பரணில் காவல் இருந்தவன் இரவில் இழுத்துப் பாடினான். அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் முஸ்லிம் பெண்கள் வேலைக்கு நடுவே பாடினார்கள். பல்லவி இல்லை, இடையிசை இல்லை, ஒரு வாத்தியமும் இல்லை. சொல்ல வந்தது முடிந்தால் பாட்டு முடிந்தது. "என்ன, அவ்வளவுதானா?" என்று கவி கேட்டவர் யாரும் கேட்டதில்லை. நாலரை நிமிடச் சினிமாப் பாட்டில் வளர்ந்த நம் காதுதான் இடையிசையைத் தேடுகிறது.

பாட்டுக்குச் சொல் எங்கிருந்து எடுப்பது என்று நீ இன்னொரு நாள் கேட்டாய். அதற்கும் இங்கேயே ஒரு பதில் இருக்கிறது. வாட் எழுதுவது ஒன்றும் தரையில் நிற்பதில்லை, ஆகாயத்தில் மிதக்கிறது என்று பூன் குறைப்பட்டார். "அப்படியா, மெய்யான ஒன்றைத் தருகிறேன்" என்று, குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது, ஷவரைப் பாவிக்க வேண்டாம் என்று ஒரு வீட்டுக்காரி எழுதிவைத்த துண்டைக் கொண்டுவந்து அப்படியே பாட்டாக்கினார் வாட். 'டேக் ஃபைவ், டி.' என்ற பாட்டு அது. இரண்டு கூட்டாளிகளின் சண்டை இந்த அழகில் முடிவதை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இந்த பாண்டை நேசிப்பவர்கள் எல்லோரும் ஒரு சொல்லில் வந்து நிற்பார்கள்: 'எக்கோனோ'. சிக்கனம் என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் முழுதாகப் பொருந்தாது. சிக்கனம் என்றால் ஏதோ இல்லாமையால் வருவது. இவர்களுக்கு அது யாரையும் காத்துக்கொண்டு நிற்காமல் இருக்கும் வழி. வானை அவர்களே ஓட்டினார்கள், சாமானை அவர்களே ஏற்றி இறக்கினார்கள். ஒலிப்பதிவுக்கு நடுச்சாமத்தில் போவார்கள், அந்த நேரம் ஸ்ரூடியோக் கூலி குறைவு. புது ரேப் வாங்காமல் ஏற்கெனவே பாவித்த ரேப்பில் பதிவார்கள். இசைத்தட்டில் எந்த ஒழுங்கில் பாட்டு வரவேண்டுமோ அதே ஒழுங்கில் வாசித்துவிடுவார்கள், பிறகு ரேப்பை வெட்டி ஒட்டக் காசு கொடுக்கத் தேவையில்லை. 45 பாட்டுள்ள அந்தப் பெரிய இசைத்தட்டுக்கு ஆன செலவு சுமார் 1,100 டொலர். கலவை வேலையை ஒரே இரவில் முடித்தார்கள்.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் 2003 கடைசியில் எங்கள் கோஷ்டி திருவிழாக் காசில் 30,000 ரூபாய் சேர்த்துக்கொண்டு கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனது. மணித்தியாலக் கணக்கு. மைக் சரிபார்க்கவே மூன்று மணித்தியாலம் ஓட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரமும் பில்லில் வந்தது. ஒன்றரைப் பாட்டோடு இரவு பஸ் ஏறினோம். அந்த அரைப் பாட்டு இன்னும் அரைப் பாட்டாகத்தான் இருக்கிறது. நாங்கள் வீட்டில் நூறு தரம் வாசித்துப் பழகிவிட்டு, ஒரே மூச்சில் பதிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். அது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்ரூடியோவுக்குப் போனால் பாட்டு தானாக நன்றாகிவிடும் என்று நம்பினோம்.

வாட்டின் இன்னொரு கணக்கும் எனக்குப் பிடிக்கும். உலகத்தில் இரண்டே இரண்டு இருக்கிறது என்பார்: ஒன்று மேடை, மற்றதெல்லாம் நோட்டீஸ். இறுவட்டு, நேர்காணல், படம் எல்லாமே ஆட்களை மேடைக்கு முன்னால் கொண்டுவரும் நோட்டீஸ்தான். இன்றைக்கு நாள் முழுக்க நோட்டீஸ் அடித்துக்கொண்டிருக்கிறோம், மேடையைக் காணவில்லை.

'டபுள் நிக்கல்ஸ்' இசைத்தட்டின் பெயருக்கு வருவோம். மினியாபொலிஸில் ஹுஸ்கர் டூ என்று இன்னொரு பாண்ட், இவர்களோடு ஒரே இசைத்தட்டுக் கம்பனி, எஸ்எஸ்டி. அவர்கள் இரட்டை இசைத்தட்டு ஒன்று செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவர்களுக்கு ரோசம் வந்துவிட்டது. கையில் ஒரு இசைத்தட்டுக்கான பாட்டு ஏற்கெனவே பதிந்து இருந்தது. உட்கார்ந்து இன்னும் இரண்டு டசின் அளவில் எழுதி, அதையும் இரட்டை ஆக்கினார்கள். அந்த நேரம் அமெரிக்காவில் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல். அதற்குமேல் ஓட்டாமல் இருக்க என்னால் முடியாது என்று ஒரு பிரபல ரொக் பாடகர் வீரமாகப் பாடியிருந்தார். இவர்கள் சிரித்தார்கள்: வாகனத்தை 55இல் ஓட்டு, துணிச்சலைப் பாட்டில் காட்டு. நிக்கல் ஐந்து சதக் காசு, டைம் பத்துச் சதக் காசு; லொறிக்காரர் பேச்சில் இரண்டு நிக்கல் என்றால் 55, டைம் என்றால் 10ஆம் இலக்க நெடுஞ்சாலை. அட்டைப் படத்தில் வாட் தன் வொக்ஸ்வாகனை ஓட்டிக்கொண்டு போகிறார், முள் 55இல் நிற்கிறது, மேலே சான் பெட்ரோ போகும் பலகை. மூன்றும் ஒரு படத்தில் விழவேண்டும் என்பதற்காகக் கூட்டாளி ஒருவர் பின் சீற்றில் இருந்து எடுக்க, அதே பாதையில் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறார்கள்.

இரட்டைத் தட்டு என்பதால் உள்ளே நாலு பக்கம். ஆளுக்கு ஒரு பக்கம், அவரவர் பக்கத்துக்குப் பாட்டை அவரவர் தெரிவு செய்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு கார் எஞ்சின் சத்தத்தோடு தொடங்கும். மிஞ்சிய பாட்டெல்லாம் நாலாம் பக்கத்தில். அதற்கு அவர்களே வைத்த பெயர் 'பதர்'. நெல் விளைகிற ஊரில் இருந்து சொல்கிறேன், அது முழுப் பதர் இல்லை, ஆனால் தூற்றினால் கொஞ்சம் பறக்கும். முதல் மூன்று பக்கத்தில் ஒரு பாட்டுக்கூட விடமாட்டேன். 'கொரோனா' என்று ஒன்று. பெயரைப் பார்த்து நோயை நினைக்காதே, அது மெக்சிகோ பியர். அமெரிக்க விடுதலை நாள் விடுமுறைக்கு எல்லைக்கு அப்பால் போய்க் கடற்கரையில் கூத்தடித்துவிட்டு விடிய எழும்பினால், ஒரு பெண் வெறும் போத்தல் பொறுக்குகிறாள். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் சில்லறை கிடைக்கும். அதைப் பார்த்து நின்றவனின் கூச்சம்தான் பாட்டு. அதன் கிற்றார்த் துண்டை 2000இல் 'ஜாக்காஸ்' என்ற தொலைக்காட்சிக் கோமாளித்தனத்துக்கு முகப்பிசை ஆக்கினார்கள். கோடிக்கணக்கானவருக்கு அந்த இசை தெரியும், அந்தப் பெண்ணைத் தெரியாது.

இதற்குப் பிறகு வந்தவற்றில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. 1985இல் 'புரொஜெக்ட்: மெர்ஷ்' என்று ஒன்று. மெர்ஷ் என்றால் பீட்ரோ பாஷையில் வியாபாரச் சரக்கு. நாங்களும் விலைபோகும் பாட்டு செய்து பார்க்கிறோம் என்று ட்ரம்பெட் எல்லாம் வைத்து ஒரு நக்கல். நக்கல் நல்லது, பாட்டு நீளம். அந்த வருடக் கடைசியில் வந்த '3-வே டை'யில் பிறர் பாட்டு கூடிப்போயிற்று. ரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை.

1985 மார்கழியில் ஆர்.ஈ.எம். பாண்டுக்கு முன்னால் வாசிக்கும் சுற்றுப்பயணம் கிடைத்தது. 13ஆம் திகதி வட கரொலைனாவில் ஷார்லட் நகரத்தில் வாசித்தார்கள். அதுதான் கடைசி மேடை. 22ஆம் திகதி பூன் காய்ச்சலோடு ஒரு வானின் பின்பக்கத்தில் படுத்துக்கொண்டு போனார், பெல்ட் இல்லை. அரிசோனாப் பாலைவனத்தில் வான் பாதையை விட்டு விலகியது. 27 வயது. அந்தப் பாதை 10ஆம் இலக்க நெடுஞ்சாலை.

எனக்கு அந்தக் கசெட்டைக் கேட்கத் தந்த வோக்மனும் ஒரு மார்கழியில்தான் போனது, 2004இல், கடலோடு. அதைப் பற்றி நான் எழுதுவதில்லை.

வாட் இசையையே விட்டுவிடுவார் போல் இருந்தது. ஒஹாயோவிலிருந்து எட் க்ரோஃபர்ட் என்ற ரசிகப் பொடியன், அவர்கள் கிற்றாருக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற பொய்க்கதையை நம்பி வந்து நின்று, வாட்டையும் ஹேர்லியையும் இழுத்து எழுப்பினான். மறுகா மூன்று பேருமாக ஃபயர்ஹோஸ் என்ற பெயரில் 1994 வரை வாசித்தார்கள். நல்ல பாண்ட், வேறு பாண்ட். 1997இல் வாட் தனியாக ஓர் இறுவட்டு செய்தார். அவருடைய அப்பா கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். கப்பலின் எஞ்சின் அறையில் மூன்று பேர், ஒரு முழு நாள், இதுதான் கதை. அந்த மூன்று பேர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கிருந்து கேட்பது? 'த பஞ்ச் லைன்' வேண்டாம், அது பிறகு. 'டபுள் நிக்கல்ஸ்' முதல் பக்கத்தில் 'கொஹீஷன்' என்று ஒன்று, பூன் தனியாக வாசிக்கும் கிற்றார், அதில் தொடங்கு. இவருக்கு வாசிக்கத் தெரியாததால்தான் கீறினார் என்ற சந்தேகம் அதோடு தீரும். பிறகு 'கொரோனா'. பிறகு 'ஹிஸ்டரி லெசன் – பார்ட் 2', இரண்டு கூட்டாளிகளின் முழுக் கதையும் இரண்டேகால் நிமிடத்துக்குள். அதற்கும் பிறகு முழு இசைத்தட்டையும் முதலிலிருந்து போட்டு, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போ. கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதே, அதில் பேஸ் வராது; ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கு.

மூன்று பேர் காணும். கீபோர்ட்டுக்கு ஆள் தேடுவதை இன்றோடு விடுங்கள். உங்கள் கிற்றார்காரப் பொடியனை ஆம்பில் பேஸ் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒரு கிழமை வாசிக்கச் சொல்லு. முதல் நாள் சண்டை பிடிப்பான். நீ பேஸ் என்றபடியால் உனக்கு ஒன்று: பழைய கம்பியை எறியாதே, கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் அவித்து, துடைத்துக் காயவைத்துப் போடு. சத்தம் கொஞ்ச நாளைக்குப் புதுக்கம்பி மாதிரி வரும்.

என்னுடைய பேஸ் ஆம்ப் கல்லடி வீட்டில் விறாந்தையில் சும்மா கிடக்கிறது, மேலே பூனை படுக்கிறது. ஞாயிறு பின்னேரம் வந்து எடு. ஆட்டோவில் ஏறும், ஆனால் பாரம்; மூன்று பேருமாக வாருங்கள்.